மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர்

தண்டாயுதபாணி பனியன் கம்பெனியை மூடிவிட்டு அதே கட்டடத்தில் ஹோட்டல் திறந்தபோது, திருப்பூர் அவிநாசி ரோட்டில் அதைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. 'பின்னலகம் ரெசிடென்சி' என்று பெயர். நிட்டிங் மெஷின்கள் நின்ற இடத்தில் சோபா போட்ட வரவேற்பறை, நூல் குடோன் இருந்த இடத்தில் டைனிங் ஹால். மழை பெய்தால் இன்றைக்கும் தரையிலிருந்து மெஷின் ஆயில் வாசம் கிளம்பும். துணி வாங்க வருகிற வெள்ளைக்காரர்கள் அதை ஏதோ அத்தர் என்று நினைத்து மூச்சை இழுத்து விடுகிறார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

அந்த ஹோட்டலின் மாடிப்படிக்குக் கீழே போன வருசம் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. எதற்காக வந்தது என்று கேட்டால், ராக்கையாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ராக்கையா அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். கல்யாணமான புதிதில் திருப்பூருக்கு வந்தவர், இருபத்தாறு வருசம் தண்டாயுதபாணியின் கம்பெனியில் ஃபிட்டர். பன்னிரண்டு மெஷின்கள் ஒன்றாக ஓடுகிற கூடத்தில், எந்த மெஷினில் எந்த ஊசி முறிந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் கொசுச் சத்தம் போனது, அப்புறம் போன் மணி, அப்புறம் மனுசர் பேச்சு. ஆரம்பத்திலேயே ஆஸ்பத்திரியில் காதடைப்பான் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது தண்டாயுதபாணி ஒரு ஜோக் அடித்தார்.

"கம்பெனி பூரா பஞ்சு பறக்குது. ரெண்டப் புடிச்சுக் காதுல வெச்சுக்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். ராக்கையாவும் சிரித்தார். முதலாளி ஜோக் அடித்தால் சிரிக்காமல் என்ன செய்வது? கம்பெனி மூடுகிற வருசத்தில் அவருக்கு இரண்டு காதும் சுத்தமாக அடைத்துவிட்டது. மனைவி சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் தண்டாயுதபாணிக்கு அப்போது உறைக்கவில்லை. அறுபது தாண்டியதும் அவருடைய இடது காது லேசாக மந்தமானது. பார்த்த டாக்டர், "சத்தமான இடத்துல வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நான் ஆபீஸ் ரூம்லதான் இருப்பேன். கண்ணாடிக் கதவு போட்டிருந்துச்சுங்க."

சொல்லி முடித்தபோதுதான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் நின்றது என்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சுப்பாத்தாளே சொல்லியிருக்கிறாள். அந்தம்மா சும்மா சொல்லுகிற ஆளில்லை. இரண்டாம் நாள் விருந்தாளிக்கு வைத்த வடையை அவர் எடுத்துத் தின்றதையும் சேர்த்தே சொன்னாள்.

அதற்கப்புறம்தான் தண்டாயுதபாணிக்கு அந்த எண்ணம் வந்தது. ஹோட்டலில் காது கேட்காதவர்களுக்கென்று ஒரு அறை. இருநூற்று நாலாம் நம்பர். வாசலில் மணி அடித்தால் உள்ளே விளக்கு மின்னும். எழுப்பச் சொன்ன நேரத்துக்கு மெத்தைக்கு அடியில் வைத்த தகடு கட்டிலையே உலுக்கும். அந்த அறையில் முதலில் தங்க வேண்டியது ராக்கையா. அதை மட்டும் மனசில் குறித்துக்கொண்டு, வெளியில் யாரிடமும் சொல்லாமல், "டூரிஸம்காரங்க கேக்கறாங்க" என்று ஒரு காரணம் சொன்னார். சுப்பாத்தாளிடம் அந்தக் காரணம் எடுபடவில்லை.

"அந்தாளுக்குக் காது போனப்ப ஒரு வார்த்தை கேக்கல. இப்பக் கட்டில ஆட்டி என்னத்துக்கு ஆகுது?"

தண்டாயுதபாணி, டாக்டர் மாட்டிவிட்ட காது மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த வீட்டில் விவாதம் முடிகிற விதம் அது.

பொங்கலூர்க்காரர் நித்தீஷ்தான் ஹோட்டலின் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்ப்பவர். அவர் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து விளக்கினார்.

"அண்ணா, உங்ககிட்ட கார்டு கதவு ஒரு பக்கம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒரு பக்கம், காலிங் பெல் ஒரு பக்கம் இருக்குதுங்க. ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது. இப்ப இந்தக் கட்டிலும் லைட்டும் வேற வருது. நடுவுல ஒரு கம்ப்யூட்டர் வேணுமுங்க. எல்லாத்தையும் அதுல கொண்டாந்து சேக்கோணும். ரிசப்ஷன்ல 'இருநூத்தி நாலு, அஞ்சு மணி'ன்னு தட்டினா, நேரமானதும் அதுதான் கட்டிலுக்கும் லைட்டுக்கும் போய்ச் சொல்லும்."

"நாப்பத்தெட்டுக் கோன்ல இருந்து நூல் வந்து ஒரே சிலிண்டர்ல எறங்கற மாதிரி," என்றார் தண்டாயுதபாணி, பனியன் மெஷின் ஞாபகத்தில்.

"அதேதானுங்க. ஆனா அந்தக் கம்ப்யூட்டர் வேற ஒரு வேலையும் பாக்கக் கூடாது. பில்லுப் போடறது, பாட்டுக் கேக்கறது ஒண்ணும் ஆகாது. எந்நேரமும் ஓடீட்டே இருக்கோணும்."

"லீவே இல்லாமயா? எங்க மெஷினுக்குக்கூட ஞாயித்துக்கெழம உண்டப்பா."

"இதுக்கு இல்லீங்க."

மாடிப்படிக்குக் கீழே, முன்பு ஊசிப் பெட்டிகள் அடுக்கியிருந்த இடுக்கில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். ஒரு நாள் வேலை என்று நினைத்தது நான்கு நாள் ஆனது. கார்டு கதவு லேசாக ஒத்துழைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பழையது. அதன் பின்பக்க ஓட்டைக்குப் பொருந்துகிற கேபிள் திருப்பூரில் கிடைக்காமல், நித்தீஷ் கோயமுத்தூர் போய்ப் பழைய சாமான் கடையில் கிளறிக் கொண்டுவந்தார். அதைச் செருகியதும் இருநூற்று நாலில் அடித்த மணிக்கு நூற்றிரண்டில் போன் அலறியது. நூற்றிரண்டில் தங்கியிருந்த லூதியானாக்காரர் துண்டோடு வெளியே ஓடிவந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டில் ஆடியது, ஆனால் நிற்கவில்லை. நித்தீஷ் கீழே போய்க் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டுகிறவரை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் தண்டாயுதபாணியே படுத்துப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, வேட்டியை இழுத்துவிட்டு, காது மிஷினைக் கழற்றி வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். கீழிருந்து நித்தீஷ் தட்டினார். கட்டில் உலுக்கிய உலுக்கில் எழுந்து உட்கார்ந்தவர், மின்னுகிற விளக்கைப் பார்த்து, பல்செட் தெரியச் சிரித்தார். "செத்தவனும் எந்திரிச்சுருவான்!" என்றார். அப்புறம் ஒரு வாரம் ஹோட்டலுக்கு யார் வந்தாலும், அரிசி வியாபாரி வந்தாலும், மேலே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். காது நன்றாகக் கேட்கிற எத்தனையோ பேர் அந்தக் கட்டிலில் ஆடிவிட்டு வந்தார்கள்.

ராக்கையா வருவதற்குக் காரணமும் தானாக வந்தது. அவர் மகள் அனுசுயா கோயமுத்தூரில் நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. விஜயதசமியன்று காலை எட்டரைக்குக் கோயமுத்தூரிலிருந்து மும்பைக்கு விமானம்; அங்கிருந்து அயர்லாந்து. போனால் இரண்டு வருசத்துக்கு லீவு கிடையாது. சாமான் கட்டிக் கொடுக்கச் சீனியம்மாள் முன்பே மகளின் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பெண்கள் ஹாஸ்டலில் ராக்கையாவுக்கு இடமில்லை. அங்கேயே பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது லாட்ஜில் தங்கிக்கொள்வதாக இருந்தார். பழைய கம்பெனி ஆள் ஒருத்தர் மூலம் இது தண்டாயுதபாணியின் காதுக்கு எட்டியது.

உடனே போனை எடுத்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு செய்தி அனுப்பினார். 'நம்ம ஹோட்டலுக்கு வா. முதல் நாள் ஆயுத பூஜை. பழைய மாதிரி நீதான் மெயின் இறக்கோணும். காலைல அஞ்சுக்கு எழுப்பி, என் கார்ல ஏர்போர்ட்டுக்கு அனுப்பறது என் பொறுப்பு.'

பதில் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'உத்தரவு முதலாளி.'

மெயின் இறக்குவது என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. ஆயுத பூஜையன்று மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை படைத்து, கற்பூரம் காட்டி, கடைசியாக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமியில் நல்ல நேரம் பார்த்து முதலாளி திரும்பப் போடுகிறவரை எவரும் தொடக் கூடாது. அது மெஷினுக்கு ஓய்வு. தண்டாயுதபாணியின் கம்பெனியில் மெயின் கைப்பிடியை இறக்குகிற மரியாதை வருசா வருசம் ராக்கையாவுக்கு. அவர் இறக்கிய நிமிடத்தில் கூடம் முழுக்க அடங்கும். அந்த அமைதியில் எல்லாரும் கும்பிடுவார்கள்.

ஆயுத பூஜையன்று காலையில் ராக்கையா வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை, மகளுக்கு எண்ணெய்ப் பலகாரம் நிறைந்த ஒரு தூக்குவாளி. காது கேட்காததால் அவர் பேச்சு எப்போதும் உரத்த குரல்தான்.

"மொதலாளி! நம்ம ரெண்டாம் நம்பர் மெசினு நின்ன எடத்துல சோபா போட்டிருக்கீகளே!"

வரவேற்பறையே திரும்பிப் பார்த்தது. தண்டாயுதபாணி அவர் தோளில் கை போட்டு மேலே கூட்டிப் போனார். கட்டிலைக் காட்டினார். தகட்டைக் காட்டினார். பேச்சில் விளக்க முடியாததால், அவரைப் படுக்க வைத்துக் கீழே ஓடிப்போய்த் தானே தட்டிவிட்டு, மூச்சிரைக்க மேலே வந்தார். ராக்கையா கட்டிலில் உட்கார்ந்து தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இத எனக்காகவா வச்சீக?"

தண்டாயுதபாணி ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அதற்காகத்தான் இத்தனையும். ஆனால் என்ன கூச்சமோ, எல்லாருக்கும்தான் என்று கையை விரித்துக் காட்டினார். நாளைக் காலையில், கட்டில் எழுப்பி, ராக்கையா குளித்துக் கிளம்பிப் படியிறங்கி வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார். பஞ்சு ஜோக்குக்கும் சேர்த்து ஒரு வார்த்தை அப்போது சொல்லிவிட வேண்டும். போனில் எழுதிக்கூட வைத்திருந்தார்.

பதினோரு மணிக்கு அவரே ரிசப்ஷனில் உட்கார்ந்து '204, 5.00' என்று தட்டினார். பச்சை டிக் வந்தது. அவர் கணக்கில் வேலை முடிந்தது. டிக் வந்தால் உத்தரவு கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏற்றின நூல் எங்கே போய்விடப் போகிறது?

அப்புறம்தான் பூஜை ஞாபகம் வந்து, நித்தீஷுக்குப் போன் போட்டார். அவர் பொங்கலூரில் தன் வீட்டுப் பூஜையில் இருந்தார்.

"ஏப்பா, அந்தப் படிக்குக் கீழ இருக்கறத இன்னிக்கு ஒரு நாளைக்கு அமத்தி வெக்கலாமா?"

"வேண்டாமுங்கண்ணா. சந்தனம் வெச்சு அப்படியே உட்டுருங்க."

"ஓடற மெஷினுக்குப் பூஜை போட்டு எனக்குப் பழக்கமில்ல. அமத்துனா கதவு தொறக்குமா, தொறக்காதா? அத மட்டும் சொல்லு."

"கதவு தொறக்குமுங்க, அதுல பேட்டரி இருக்குது. ஆனா—"

"அது போதுமப்பா. பொரி சாப்பிடு."

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் என்ன இருந்தது என்று கேட்க அரை நிமிடம் ஆகியிருக்கும். முப்பது வருசம் கம்பெனி நடத்தியவர்களுக்கு அரை நிமிடம் கிடைக்காது.

நாலு மணிக்குப் பூஜை. லீவு என்பதால் ஹோட்டலில் மூன்றே அறைகளில்தான் ஆள். துவைக்கிற மெஷின், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் குளித்த பிள்ளைகள் மாதிரி குங்குமம் வைத்து நின்றன. லிஃப்டை மட்டும், மூட்டு வலிக்கார விருந்தாளி ஒருத்தருக்காக விட்டுவைத்தார்கள். ராக்கையா நெற்றி நிறையத் திருநீறோடு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார். கடைசியாக மாடிப்படிக்குக் கீழே குனிந்தார். சின்னச் சாமந்தி மாலையோடு, பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது அது.

"இதையுமா மொதலாளி?"

தண்டாயுதபாணி கட்டை விரலை உயர்த்தினார். ராக்கையா சுவிட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அமுக்கினார். பச்சை விளக்கு அணைந்தது. சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். ராக்கையா முகத்தில் அப்படி ஒரு பெருமை. வருசக்கணக்காக யாரும் அவரை எதற்கும் முன்னால் நிற்கச் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது தண்டாயுதபாணி டிரைவர் மாரப்பனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"காலைல அஞ்சரைக்கு வண்டிய வாசல்ல நிறுத்திரு. மேல போய் ஆரும் கதவத் தட்டாதீங்க. அவன மெஷினு எழுப்போணும், அவனா எறங்கி வரோணும். தெரிஞ்சுதா?"

"செரிங்க ஐயா. ஆனா, நேரமாச்சுன்னா ஒரு எட்டுப் போயிப் பாத்துரட்டுங்களா?"

"போகாதேங்கறேன்."

காலையில் மாரப்பன் அஞ்சரைக்கு வண்டியை நிறுத்தினார். ஆறு மணிக்குப் போன் செய்தார். தண்டாயுதபாணி குளித்துவிட்டு, ராக்கையாவிடம் சொல்ல வேண்டியதைப் போனில் திருத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, இன்னும் எறங்கலீங்க."

"குளிச்சுட்டிருப்பான். மகள வழியனுப்பப் போறவன் அழுக்காவா போவான்? மேல போகாத, நானே வந்துட்டிருக்கறேன்."

ஆறே காலுக்கு ரிசப்ஷன் போன் அடித்தது. ஆளில்லாததால் மாரப்பனே எடுத்தார். அனுசுயா.

"அண்ணே, அப்பா கெளம்பிட்டாரா? மெசேஜ் எதையும் பாக்கல."

"வண்டி ரெடியா நிக்குதுங்க கண்ணு."

பொய் சொல்லவில்லை, வண்டி ரெடியாகத்தான் நின்றது.

ஆறு இருபத்தைந்துக்கு மாரப்பன் மறுபடி கூப்பிட்டார். "ஐயா, நான் மேல போறனுங்க." இந்த முறை தண்டாயுதபாணி வேண்டாம் என்று சொன்ன குரலில் வலுவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் ஹோட்டல் வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே நுழைந்து படிப்பக்கம் திரும்பினார். சாமந்தி மாலை, சந்தனப் பொட்டு, நடுவில் கறுப்பாக ஒரு திரை.

அந்த வயசில் அவர் படியேறிய வேகத்தை மாரப்பன் இன்றைக்கும் சொல்வார். கார்டை வைத்ததும் கதவு உடனே திறந்தது. கதவில் ஒரு குறையும் இல்லை. ராக்கையா ஒருக்களித்துப் படுத்து, கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்த புது வேட்டியும் சட்டையும். தண்டாயுதபாணி தோளைத் தொட்டதும் விழித்து, முதலில் சிரித்தார். அப்புறம் ஜன்னலில் வெயிலைப் பார்த்தார்.

குளிக்கவில்லை. வேட்டியைச் சுற்றிக்கொண்டே படியிறங்கினார். மாலையோடு இருண்டு கிடந்த திரையைப் பார்த்ததும், கட்டில் ஏன் உலுக்கவில்லை என்று பழைய ஃபிட்டருக்கு விளங்கிவிட்டது. தூக்கை மட்டும் மறக்கவில்லை.

மூன்று பேரும் வண்டியில் ஏறினார்கள். ராக்கையா போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். 'அப்பா எங்க இருக்கீங்க', 'அப்பா', 'அப்பா நான் வாசல்லதான் நிக்கிறேன்', 'உள்ள கூப்பிடுறாங்க', 'கடைசி வரைக்கும் நிக்கிறேன்பா'. வண்டி குலுங்கலில் அவர் தட்டி அனுப்பியது மகளுக்குப் புரிந்ததா இல்லையா தெரியாது. விஜயதசமியன்று கோயிலுக்குப் போகிற கூட்டம் அவிநாசியில் ரோட்டை அடைத்து நின்றது. மாரப்பன் ஹாரனை அமுக்கியபடியே ஓட்டினார்.

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். அனுசுயா ஏழு இருபதுக்கு உள்ளே போய்விட்டாள். சீனியம்மாள் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஓரமாக நின்றிருந்தாள். அழுதுகொண்டுமில்லை, திட்டவுமில்லை. போனை நீட்டினாள். திரையில் மகள். ராக்கையா திரையைப் பிடித்துக்கொண்டு, தூக்கை உயர்த்திக் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். வீடியோ நின்று நின்று வந்தது. பிறகு அணைந்தது.

"நாந்தேன் தூங்கிட்டேன் சீனி," என்றார் ராக்கையா, ஏர்போர்ட் முழுக்கக் கேட்கிற குரலில். "அந்த மெசினத் தொட்டு அணச்சவன் நாந்தேன். இருபத்தாறு வருசம் மெசினுல கெடந்தவனுக்கு, அதை நிப்பாட்டுனா எப்பிடி எழுப்பும்னு புத்தியில்லாமப் போச்சே."

தண்டாயுதபாணி பக்கத்திலேயே நின்றார். இல்லை என்று கையாட்டினார். ராக்கையா அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார்.

ஹோட்டலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தண்டாயுதபாணி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். இருவருக்கும் ஊர் போய்ச் சேர வேண்டும். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார்கள். ராக்கையா பஸ் பார்க்கப் போனார். டீக்கடை ஓரத்தில் சீனியம்மாளும் தண்டாயுதபாணியும் நின்றார்கள். மாரப்பன் நாலடி தள்ளி, காது மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். இல்லாவிட்டால் இதெல்லாம் நமக்கு எங்கே தெரியப் போகிறது?

"சீனியம்மா, ஒண்ணு சொல்லோணும்."

அவள் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"ராக்கையா மேல தப்பில்லீங்க. அத அமத்தக் கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க. நாந்தான் கேக்கல. காலைலயும் இந்த மாரப்பன் மேல போய் எழுப்பறேன்னான். நாந்தான் வேண்டாம்னு தடுத்தேன்."

"எதுக்குத் தடுத்தீக?"

தண்டாயுதபாணிக்கு அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. "அவனுக்குன்னு வெச்ச கட்டிலு. அதுவே எழுப்பி, அவனா எறங்கி வந்து என்னப் பாத்து ஒரு வார்த்தை சொல்லோணும்னு இருந்துச்சு."

சீனியம்மாள் டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கடைக்காரர் பலகையில் வைத்தாள்.

"அவுககிட்டச் சொல்லப் போறீகளா?"

"சொல்லாம எப்படிங்க? போன்ல எழுதி வெச்சிருக்கறேன். இதையும் சேத்துக் காட்டிருவேன்."

"வேண்டாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தானாத் தூங்கிட்டோம்னு நெனச்சா, பத்து நாளு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரிவாக. அப்புறம் ஆறிரும். நீங்கன்னு தெரிஞ்சா, அது இன்னைக்கோட நிக்காது மொதலாளி. காதுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு வருவாக. ஊருல அவுககிட்ட இருக்கிற ஒரே பெரும, எங்க மொதலாளி எங்க மொதலாளிங்கிறதுதேன். அதையும் புடுங்கிட்டு அனுப்பாதீக."

"எனக்கு மனசு கேக்காதுங்களே."

"கேக்காட்டி இருக்கட்டும். அது ஒங்க பாடு." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "எம்புள்ள அந்தக் கதவ எத்தன தடவ திரும்பிப் பாத்துச்சுன்னு நான் பாத்தேன். எங்கிட்டச் சொல்லிட்டீக, போதும். நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்கிராதீக."

அதற்குள் ராக்கையா கையை ஆட்டிக் கூப்பிட்டார். மதுரை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. தண்டாயுதபாணி பையை வாங்கிக்கொண்டு பின்னால் போனார். பஸ்ஸில் கால் வைத்து இருபது வருசம் ஆகியிருக்கும். ஏறி, இருவரையும் ஜன்னலோரம் உட்கார வைத்து, பையை மேலே வைத்தார். தூக்கை ராக்கையா மடியிலேயே வைத்துக்கொண்டார். போன் தண்டாயுதபாணியின் சட்டைப் பையில் இருந்தது. கை அங்கே போனது. சீனியம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். கை கீழே இறங்கியது.

"பெரியவரே, வர்றீங்களா, எறங்கறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

இறங்கிக் கீழே நின்றார். ராக்கையா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். காது போன பிறகு முகத்தைப் படித்தே பழகியவர். பஸ் நகரும்போது ஜன்னலில் தலையை நீட்டி, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற குரலில் சத்தம் போட்டார்.

"மொகத்த அப்பிடி வச்சுக்கிராதீக மொதலாளி! மெசினு மேலயும் தப்பில்ல, ஒங்க மேலயும் தப்பில்ல! எனக்கு நல்லதுதேன் செஞ்சீக!"

டீக்கடையில் நின்றவர்கள், பூக்காரி, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும், இவ்வளவு நல்லது செய்த மனுசர் யார் என்று தண்டாயுதபாணியைப் பார்த்தார்கள். ராக்கையா பதிலுக்குக் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் தண்டாயுதபாணி தலையாட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் ராக்கையா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.